போணி நேரத்துக் கார்டுகள்

கிஃப்ட் கார்டு விற்கலாமா என்று பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் யாராவது என்னிடம் கேட்டால், "தாராளமா விக்கலாம், ஆனா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் விக்கணும்" என்பேன். கேட்டவர் சிரிப்பார். இத்துணூண்டு அட்டையில் என்ன நெருப்பு என்று நினைப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் கடை மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், செம்பனைத் தோட்டம் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அரிசி, பருப்பு, ரொட்டி, கேஸ், கற்பூரம், பிள்ளைகளுக்கு மிட்டாய், பெரியவர்களுக்கு டாப்-அப். என் கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறார். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அதன்பிறகு கடையில் நான் வைத்ததுதான் சட்டம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் என்று சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை.

கார்டுகளைக் கொண்டுவந்தவர் கழுத்தில் டை கட்டிய ஓர் ஏஜெண்ட். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி ஸ்டாண்டை நிறுத்தி, விளையாட்டுக் கார்டு, படம் பார்க்கும் கார்டு, போனில் பொருள் வாங்கும் கார்டு என்று கலர் கலராகத் தொங்கவிட்டார். "இது அரிசி மாதிரி பூச்சி பிடிக்காது லா, அக்கா. எலி கடிக்காது. யாராச்சும் திருடிட்டுப் போனாலும் கவலையில்ல. நீங்க மெஷின்ல அடிச்சு உயிர் குடுக்கிற வரைக்கும் இது வெறும் அட்டை" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உயிர் கொடுத்த பிறகு என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்பக்கத்துச் சாம்பல் பட்டையைச் சுரண்டி, அதிலுள்ள எண்ணை யாரிடம் சொன்னாலும் அந்த நொடியே பணம் அவருடையது. அவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. சுரண்டிய கார்டைக் கடை திரும்ப வாங்க முடியாது. இதில் கடைக்காரருக்குத் தேறுவது ஒரு தேத்தண்ணிக் காசுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் போனை எடுத்து அப்படியே கல்லா மேல் வைத்துவிடுவார்கள். டாப்-அப் ஏற்றுவது, கரண்ட் பில் கட்டுவது, பேத்தி அனுப்பிய படத்தைத் திறந்து காட்டுவது எல்லாம் என் வேலை. ரகசிய எண்ணைக்கூட கடை முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார்கள். அதனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அப்படிப் போனைக் கல்லா மேல் வைப்பவர்களில் ஒருவர் படகுத்துறை அக்கா.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்கள் ஏறும் படகுத்துறையைக் கூட்டிக் கழுவும் வேலை அவருக்கு. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், விபத்தில் போய்விட்டார். ஒரே மகள் ராவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அக்கா தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீட்டில் தனியாக இருந்தார். அந்த லயத்தை இடிக்கப் போகிறார்கள், எல்லாரும் காலி பண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக அக்கா தன் சேமநிதிப் பணத்தையும் வீட்டுக்காரர் இறந்தபோது வந்ததையும் தொடாமல் வைத்திருந்தார். டவுனுக்குப் பக்கத்தில் கட்டும் மலிவு விலை வீட்டுக்கு அதுதான் முன்பணம். "சொந்தமா ஒரு கதவு, தங்கச்சி. நானே பூட்டி நானே திறக்கணும்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அவர்தான் என் கடையின் போணி. இதை நானாகத்தான் ஏற்படுத்தினேன். ஒருநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து தீப்பெட்டி வாங்கினார். அன்றைக்கு வியாபாரம் அள்ளிக்கொண்டு போனது. மறுவாரமும் அப்படியே நடந்தது. "உங்க கை ராசியான கைக்கா. இனிமே தினம் நீங்கதான் போணி பண்ணணும்" என்று சொன்னேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "என் கையாம்மா?" என்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

கல்யாண வீட்டில் அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும். சமையல் பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில், தாலி கட்டும்போது தூணுக்குப் பின்னால். யாரும் போகச் சொல்வதில்லை. அவராகவே போய்விடுவார். அப்படிப்பட்டவர் மறுநாள் தலைக்குக் குளித்து விபூதி பூசி, நான் கதவைத் தூக்கும்போதே வாசலில் நின்றார். அன்றிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் தினமும் வந்தார். ஒன்றும் தேவையில்லாத நாளிலும் ஒரு கற்பூரப் பொட்டலமாவது வாங்குவார். நான் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குக் காட்டி, கல்லாவில் போடுவேன். அதுவரைக்கும் வேறு யாருக்கும் சாமான் கொடுக்க மாட்டேன். கோயில் மாதர் குழுவில் இருக்கும் ஓர் அம்மா, "தாலி இல்லாதவ கையில போணியா?" என்று என் காதுபடச் சொன்னார். "உங்க தாலி கடனுக்குத்தானே சாமான் கேக்குது" என்று சொல்லிவிட்டேன். பிறகு ரொம்ப நாள் அவர் என் கடைப் பக்கம் வரவில்லை, எனக்கும் நஷ்டமில்லை.

ஒரு காலையில் அக்கா தீப்பெட்டி கேட்கவில்லை. ஸ்டாண்டைக் காட்டி, "அதுல ஒண்ணு குடு. இன்னிக்குப் போணி பெருசா பண்றேன்" என்று சிரித்தார். யாருக்கு என்று கேட்டேன். அண்ணன் பேரன் கேம் விளையாடுகிறானாம். நான் மெஷினில் அடித்துக் கொடுத்தேன். அத்தனை பெரிய போணி எனக்கு வந்ததே இல்லை. அந்த நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதன்பிறகு அடிக்கடி கார்டு வாங்கினார். கிளிப்பச்சையில் ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டார். முகப் பவுடர் கேட்டு வாங்கினார். "என்னக்கா, படகுத்துறையில வெள்ளைக்காரன் யாராச்சும் மாட்டிட்டானா?" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் வெட்கப்பட்டு என் கையில் லேசாக அடித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே ஒரு விஷயத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறேன். அக்கா இப்போதெல்லாம் போனைக் கல்லா மேல் வைப்பதில்லை. கார்டை வாங்கியதும் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி நின்று, தானே சில்லறைக் காசால் சுரண்டிப் படம் எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை நல்ல மழை. படம் சரியாக விழவில்லை போலிருக்கிறது, போன் அடித்தது. அக்கா மூலைக்குப் போய், கார்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் படித்தார். தோட்டப் பள்ளியில் படித்த இங்கிலீஷ், நின்று நின்று வந்தது. படித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சரிங்க. நீங்க சாப்டீங்களா?" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அண்ணன் பேரனிடம் யாரும் அந்தக் குரலில் பேசுவதில்லை. அதோடு அக்காவுக்கு அண்ணனே கிடையாது. இத்தனை நாள் அது எனக்கு உறைக்காமல் போனதை என்னவென்று சொல்ல.

மறுநாள் அவர் வந்ததும், மற்றவர்கள் வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் நான் கதவைத் தூக்கும்போதே மூன்று பேர் நின்றார்கள். ரொட்டி வாங்க வந்த பங்களாதேஷ் தொழிலாளி ஒருவர், ரொம்ப நாள் கழித்து வந்திருந்த மாதர் குழு அம்மா, அவர்களுக்கு முன்னால் அக்கா. அக்கா கையில் நோட்டுகள் மடித்து இருந்தன. "தங்கச்சி, அதே கார்டு. இன்னிக்கு ரெண்டு."

எத்தனையோ சொல்லியிருக்கலாம். மெஷின் கெட்டுவிட்டது என்று பொய் சொல்லியிருக்கலாம். உள்ளே வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள் என்று கூப்பிட்டிருக்கலாம். எனக்கு இருந்ததெல்லாம் ஒரே எண்ணம், அந்த அம்மாவின் காதில் விஷயம் விழக்கூடாது. விழுந்தால் சாயங்காலத்துக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பதற்றத்தில், "கார்டு இல்லக்கா" என்றேன்.

"இதோ தொங்குதே."

"உங்களுக்கு இல்ல. இப்பப் போய்ட்டு அப்புறமா வாங்க."

அக்கா நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "போணி நேரத்துல வெறுங்கையோட அனுப்புறியாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று பார்ப்பதுபோலக் கேட்டார்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது. "அக்கா, கற்பூரமாச்சும் எடுத்துக்கிட்டு..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நோட்டுகளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அன்றும் விடாமல் பெய்த மழையில் இறங்கிவிட்டார். மாதர் குழு அம்மா முன்னால் வந்தார். "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே உனக்கு. நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு நோட்டைக் கல்லா மேல் வைத்தார். நான் அதைக் கண்ணில் ஒற்றவில்லை. கல்லாவில் போட்டேன், அவ்வளவுதான்.

மத்தியானம் கடையை அடைத்துவிட்டு லயத்துக்குப் போனேன். அக்கா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினார்.

"அந்த ஆளு திருடன்கா. இதே மாதிரி எத்தனையோ பேரு தலையில மிளகாய் அரைச்சிருக்கானுங்க."

"நீ பாத்தியா அவர?"

"நீங்க பாத்தீங்களா?"

போனில் பேசுகிறவர் கப்பலில் இஞ்சினியர், தமிழ்தான், மனைவி இல்லாதவர், தனக்கு நகை அனுப்பியிருக்கிறார், அது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது, வரி கட்டினால்தான் விடுவார்களாம், பேங்கு வழியாகக் கட்டினால் இன்னும் கூடப் பிடித்துக்கொள்வார்களாம், அதனால்தான் கார்டு என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். துறைமுகத்து அதிகாரி எவராவது விளையாட்டுக் கார்டில் வரி வாங்குவாரா என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. எனக்குக் கோபம் வந்தால் கேள்விகூடக் கிண்டல் மாதிரித்தான் வரும்.

"என் கை ராசின்னு சொன்னது நீதான்" என்றார் அக்கா. "நான் நல்லா இருக்கப் போறேன்னு தெரிஞ்சதும் வெளிய அனுப்பிட்ட. நீயும் அவங்க மாதிரிதான்."

நான் விற்காவிட்டால் பணம் தப்பிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அது என் முட்டாள்தனம். முச்சந்தியில் பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தோடு ஒரு பெரிய கடை இருக்கிறது. அங்கே இதே கார்டுகள் இதே மாதிரி தொங்குகின்றன. கல்லாவில் நிற்பவருக்கு அக்காவைத் தெரியாது. அவருக்கு அண்ணன் உண்டா இல்லையா என்பதும் தெரியாது. அக்கா அங்கே வாங்க ஆரம்பித்தார், என்னிடம் வாங்கியதைவிட அதிகமாகவே. அவர் அந்தப் பக்கம் நடந்து போவதை என் கல்லாவிலிருந்தே பார்க்கலாம்.

மகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று கிடந்து அலைந்தேன். அம்மாவுக்கு அரிசி, கேஸ் அனுப்பச் சொல்லி அவள் என்னைக் கூப்பிடுவாள், அதனால் நம்பர் இருந்தது. சொன்னால் அக்காவின் மானம் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். கடைசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் அன்றைக்கே ராவாங்கிலிருந்து வந்தாள். நான் கூடப் போயிருந்தேன். வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. "இந்த வயசுல உனக்கு இது தேவையாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். வாசல் வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். நான் யாருக்கும் தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து மறைத்தது அத்தனையும் தெருவில் கிடந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தினமும் சாப்டியான்னு கேட்டாரு."

மகள் கத்துவதை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

போலீசில் புகார் கொடுக்க நானும் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கார்டுகளும் ரசீதுகளும் இருக்கிறதா என்று கேட்டார். மெஷினில் வரும் ரசீதை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? எங்கள் கடை நகல்கள் இருந்தன. அதை வைத்து கார்டு கம்பெனியைக் கூப்பிட்டதில், அக்கா எண்ணை இன்னும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே ஒரு கார்டின் பணம் மட்டும் தப்பியது. மற்றதெல்லாம் எண்ணைச் சொன்ன கையோடு கரைந்துபோயிருந்தது. மலிவு விலை வீடு வேறு யாருக்கோ போனது. லயத்தில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது, அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். மகளோடு ராவாங்குக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். எந்த முகத்தோடு போவது என்று கேட்டாராம்.

நான் இப்போது ஸ்டாண்டைக் கல்லாவுக்குப் பின்னால் மாற்றிவிட்டேன். கார்டு வேண்டுமென்றால் வாயைத் திறந்து என்னிடம் கேட்க வேண்டும். யாருக்கு, எதற்கு என்று கேட்பேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டே வாங்குகிறவருக்கும், பதற்றத்தில் இருப்பவருக்கும், ஒரே நேரத்தில் பல கார்டு கேட்கிறவருக்கும் மெஷினைத் தொட மாட்டேன். வரி, அபராதம், பார்சல், போலீஸ், நேரில் பார்க்காத காதல், இவற்றுக்கு யாரும் கார்டில் பணம் வாங்குவதில்லை என்று தமிழிலும் மலாயிலும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். ரசீதைக் கார்டோடு பின் குத்தித்தான் கொடுக்கிறேன். ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே கம்பெனியையும் போலீசையும் கூப்பிட வேண்டும் என்றும் சொல்கிறேன். என் கணவர், "கார்டு விக்கிறியா, விசாரணை பண்றியா?" என்கிறார். கடைக்காரர்கள் கேட்டால் இதையெல்லாம் சொல்வேன். ஆனால் முக்கியமானதைச் சொல்ல எனக்கு வராது. மறுப்பதற்கும் ஒரு விதம் இருக்கிறது, அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அது எனக்குப் புரிந்தது பிறகுதான். சில வாரம் கழித்து அக்கா மறுபடி கடைக்கு வர ஆரம்பித்தார். எண்ணெய் நிலையத்துக் கடையில் அரிசி பருப்பு கிடைக்காது, பக்கத்தில் வேறு கடையும் கிடையாது. வழக்கம்போலக் கதவைத் தூக்கும் நேரத்துக்கே வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. சாக்கடையோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது வந்து சாமான் வாங்கி, நான் காசைக் கல்லாவில் போட்டு, இழுப்பறை மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் படியேறினார். கிளிப்பச்சை ரவிக்கையை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

"உள்ள வாங்கக்கா, நீங்கதான் போணி" என்று கூப்பிட்டேன்.

"வேணாம்மா. உன் கடை நல்லா இருக்கணும்" என்றார். சண்டையாக இல்லை, அக்கறையாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது.

ஒருநாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ரொட்டிக்காரத் தொழிலாளி வந்தார். ரொட்டியைக் கொடுத்து, காசு பிறகு போதும் என்றேன். பால் வாங்க வந்தவரிடமும் அதையே சொன்னேன். மாதர் குழு அம்மா முட்டை எடுத்துக்கொண்டு நோட்டை நீட்டினார். "கையில வச்சிருங்க. இன்னும் போணி ஆகல."

"போணிக்கு முன்னாடி கடன் குடுப்பியா? உனக்கென்ன பைத்தியமா லா?"

"ஆமா."

கல்லாவை நான் திறக்கவே இல்லை. வெயில் படிவரை வந்தது. அக்கா வெளியே இழுப்பறைச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே நின்றார். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆட்கள் காசு கொடுக்காமல் சாமானோடு போவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். முகத்தில் அத்தனை கோபம்.

"எதுக்கும்மா இப்படி உன் பொழப்பைக் கெடுத்துக்கிற?" என்று ஒரு ரிங்கிட் நோட்டைக் கல்லா மேல் வைத்தார். "கற்பூரம் குடு."

நான் அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றினேன். எடுக்க முடியவில்லை, நோட்டு நனைந்துபோனது. அக்கா கற்பூரத்தை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் கதவைத் தூக்கினால், அக்கா சாக்கடையோரம் குடையோடு நிற்கிறார். அடுத்த நாளும் அங்கேதான். அதனால் இப்போது தினமும் என் கடையில் போணி தாமதம்தான். ரொட்டியும் பாலும் காசில்லாமல் போகின்றன, கல்லா மூடியே இருக்கிறது, நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.